வாசிப்பு சிந்தனையை மாற்றுகிறது என்றால், எந்த வழியில்? வாசகர் வட்டத்தை எப்படி நடத்துவது?

சண்முகநதி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று தொடங்க இருக்கிறோம். பதினைந்து பேர் வரை சேருவார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று கலவையான கூட்டம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலையில் இரண்டு மணி நேரம். கதை, கவிதையோடு நிறுத்தாமல் வரலாறு, பொருளாதாரம், அறிவியல் நூல்களையும் எடுக்க ஆசை.

"வாசிப்பு சிந்தனையை வளர்க்கும்" என்று புத்தகத் திருவிழா மேடைதோறும் சொல்கிறார்கள். எப்படி வளர்க்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அலமாரி நிறையப் புத்தகம் படித்தும் பழைய கருத்தில் ஒரு இழையும் மாறாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன்:

படிப்பதால் யோசிக்கும் முறை மாறும் என்பதற்கு ஆதாரம் உண்டா? படித்தது ஒரு மாதம் கழித்தும் மனதில் நிற்க என்ன செய்ய வேண்டும்? பாதிப் பேர் போனில்தான் படிப்போம் என்கிறார்கள், பரவாயில்லையா? ஒரே நூலுக்குப் பதினைந்து பிரதி கிடைக்காது, அதற்கு என்ன வழி? அனுபவமும் விஷயமும் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். எங்கள் குழுவில் அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அதில் தெளிவு வந்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932-இல் உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ் பகுதிகளுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடமும், சில காலம் வகுப்புக்குப் போனவர்களிடமும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார். அதில் ஒன்று ஏறக்குறைய இப்படி: "தூர வடக்கில், பனி இருக்கும் இடத்தில், கரடிகளெல்லாம் வெள்ளை. நோவயா செம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?" பள்ளி காணாதவர்கள் பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். நான் அங்கே போனதில்லை, பார்த்தவனைக் கேளுங்கள் என்ற ரீதியில் பேசினார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "வெள்ளை" என்றார்கள். இதில் ஒரு தரப்பு அறிவாளி, மறு தரப்பு முட்டாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணால் காணாததைப் பற்றிப் பேசுவதில்லை என்பது விவசாயியின் நியாயமான நிலைப்பாடு. கொடுத்த வாக்கியத்தை அப்படியே ஏற்று, அதற்குள்ளேயே நின்று முடிவு எடுக்கும் விளையாட்டு மட்டும் அவருக்குப் பழக்கமில்லை.

லூரியா போன காலத்தில் அங்கே கூட்டுப்பண்ணை, பள்ளி, கட்சிக் கூட்டம் எல்லாம் ஒன்றாகவே வந்து இறங்கியிருந்தன. ஆகவே மாற்றம் எழுத்தால் வந்ததா, பள்ளியால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. அதைப் பிரிக்க வசதியாக ஒரு இடம் லைபீரியாவில் அமைந்தது. அங்குள்ள வாய் (Vai) என்ற இன மக்களுக்குச் சொந்தமாக ஓர் எழுத்து உண்டு. அதைப் பள்ளியில் கற்பதில்லை. உறவினரிடமோ நண்பரிடமோ கற்றுக்கொண்டு கடிதத்துக்கும் கணக்குக்கும் பயன்படுத்துவார்கள். சிலர் குர்ஆன் ஓதுவதற்காக அரபி கற்றவர்கள், சிலர் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள். சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் இவர்களை ஒப்பிட்டு 1981-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள்.

எழுத்து தெரிந்ததால் மட்டும் பொதுவான தர்க்கத் திறன் கூடவில்லை. கரடிக் கேள்வி மாதிரியானவற்றில், ஏன் அந்தப் பதில் என்று விளக்கியதில் முன்னே நின்றவர்கள் பள்ளியில் படித்தவர்கள். ஆனால் வாய் எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்கள், எதிரில் இல்லாத ஆளுக்கு ஒரு விளையாட்டின் விதியை விளக்கச் சொன்னபோது நன்றாகச் செய்தார்கள். குர்ஆன் மனப்பாடம் செய்தவர்கள், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் பட்டியலை வரிசை மாறாமல் ஒப்பிப்பதில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். அதாவது எழுத்தைக் கொண்டு எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அந்தத் திறன் வளர்கிறது. வட்டத்தில் வாரி வாரிப் பாராட்டுரை சொன்னால் பாராட்டுரை சொல்லும் திறன்தான் வளரும். காரணம் கேட்டு, ஆதாரம் கேட்டு, மாற்று விளக்கம் தேடிப் பழகினால் அது வளரும். ஐம்பது புத்தகம் படித்தும் மாறாதவர்களைப் பற்றிக் கேட்டீர்களே, அவர்கள் படித்ததைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு: முன்னறிவு. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள் ஆனால் பேஸ்பால் தெரியாதவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் பின்தங்கியவர்கள் ஆனால் பேஸ்பால் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். புரிந்துகொண்டதில் இரண்டாம் அணி வெகு முன்னால் இருந்தது. கிரிக்கெட் தெரியாதவரிடம் ஒரு டெஸ்ட் போட்டியின் வர்ணனையைக் கொடுத்துப் பாருங்கள், சொல்லெல்லாம் தமிழாக இருந்தாலும் தலையும் புரியாது வாலும் புரியாது.

ஆகவே மாதம் ஒரு துறை என்று தாவாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரே பொருளை எடுங்கள். பஞ்சம், நிலவுடைமை, தொற்றுநோய், தண்ணீர் எதுவானாலும் சரி. முதல் இரண்டு அமர்வுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்தப் பொருள் வரும் 11, 12-ஆம் வகுப்புப் பாடங்களைப் படியுங்கள். இலவசமாகவே கிடைக்கின்றன, பதினைந்து பேருக்கும் பொதுவான சொற்கள் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு எளிய அறிமுக நூல். பிறகுதான் கனமான நூல். கடைசியில் அந்த நூலை மறுப்பவர் எழுதியது. எடுத்த எடுப்பிலேயே கனமான நூலில் கை வைத்த வட்டங்கள் மூன்றாம் கூட்டத்தில் ஆறு பேராகச் சுருங்கிவிடும்.

---

மெய்ப்புத்தாள் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா "பஞ்சம்" என்று ஓர் உதாரணம் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதையே வைத்து, ஒரு நூலின் வாதத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று காட்டுகிறேன்.

புத்தகத்தைத் திறக்கும் முன், ஒவ்வொருவரும் ஒரு தாளில் தன் இப்போதைய பதிலை எழுதித் தேதி போட வேண்டும். "1943-இல் வங்காளத்தில் பஞ்சம் ஏன் வந்தது?" இரண்டு வரி போதும். பெரும்பாலோர் "விளைச்சல் குறைந்தது, அரிசி இல்லை, போர்" என்று எழுதுவார்கள். இந்தத் தாளை நூலகரிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். இது ஏதோ சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு விஷயத்தின் முடிவு தெரிந்த பிறகு, "இது எனக்கு முன்பே தெரிந்ததுதானே" என்று மனம் தன் பழைய கருத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் இதைச் சோதனையாகவே காட்டினார். எழுதிய தாள் கையில் இல்லாவிட்டால், கருத்து மாறியதா இல்லையா என்பது யாருக்குமே தெரியாது.

இனி நூலுக்குள். அமர்த்தியா சென் 1981-இல் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலில் வங்காளப் பஞ்சத்துக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. 1945-இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணை ஆணையம் அரிசி வரத்துக் குறைவை முதன்மைக் காரணமாக வைத்தது. சென் அதை மறுக்கிறார். அவர் கணக்கில் 1943-இல் இருந்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே வராத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். பிறகு ஏன் செத்தார்கள்? கல்கத்தா மொத்தச் சந்தையில் 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி 1943 மார்ச்சில் 21, மே மாதம் 30-ஐத் தாண்டி, ஆகஸ்டில் 37. அங்கே ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ. போர்ச் செலவால் நகரத்தில் பணம் புழங்கியது, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. அதிகம் மடிந்தவர்கள் விவசாயக் கூலிகள், மீனவர்கள், வண்டி படகு ஓட்டிப் பிழைத்தவர்கள். சொந்த நிலத்திலோ, விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வாரத்திலோ நெல் விளைவித்தவர்களுக்கு அந்த அளவு அடி விழவில்லை. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கரையோரப் படகுகளை 1942-இல் அரசே அப்புறப்படுத்தியிருந்தது, மீனவர் பிழைப்பு அதிலேயே போயிற்று. ஆக, அரிசி இருக்கிறதா என்பதோடு, அதைப் பெற யாருக்கு வழி இருந்தது என்பதையும் கேட்கச் சொல்கிறார் சென்.

இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது ஓரத்தில் மூன்று குறிகள் போட்டால் போதும். நூலாசிரியர் மறுக்கும் கருத்துக்கு ஒரு குறி, அவருடைய கருத்துக்கு இன்னொன்று, அந்தக் கருத்து எந்த எண்ணின் மேல் நிற்கிறதோ அதற்கு மூன்றாவது. நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாது, அதனால் பக்க எண்ணோடு தனித்தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் குறியைத் தவறவிடுவார்கள். ஆசிரியர் யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரியாமல் படித்தால் எல்லா வாக்கியமும் ஒரே எடையாகத் தெரியும். சென் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதையே சென்னின் கருத்து என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லுவார். இது அடிக்கடி நடக்கும்.

மூன்றாம் குறிதான் உயிர்நாடி. இங்கே அது எது? 1943-இல் இருந்த உணவு இவ்வளவு என்ற மதிப்பீடு. அந்த எண் எங்கிருந்து வந்தது? 1943-இன் சாப்பாட்டில் பெரும்பங்கு 1942 குளிர்காலத்தில் அறுத்த ஆமன் நெல். அந்த விளைச்சலை எடை போட்டு அளந்தவர் யாரும் இல்லை. கண்மதிப்பில் சொன்னதுதான். ஜமீன்தார் கட்ட வேண்டிய வரியை ஒரேயடியாக நிர்ணயித்துவிட்ட நிரந்தர நிலவரித் திட்டம் இருந்த வங்காளத்தில், நம் ஊர்க் கர்ணம் மாதிரி கிராமக் கணக்கு எழுதும் வருவாய் அலுவலர் அமைப்பே சரியாக இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் மறுப்பாளர்கள் நுழைந்தார்கள். 1986-இல் பீட்டர் பௌபிரிக் சென்னின் புள்ளிவிவரத்தைக் கேள்வி கேட்டார். பிற்பாடு மார்க் டாகர், 1942-இல் நெற்பயிரைத் தாக்கிய செம்புள்ளி நோயை முன்வைத்தார். பயிர்நோய் அறிஞர் பத்மநாபன் 1973-இல் எழுதிய கட்டுரையில் பாங்குரா, சின்சுரா ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சல் பதிவுகள் இருக்கின்றன. அங்கே சில நெல் ரகங்கள் அந்த ஆண்டு பெரும்பகுதி அழிந்திருந்தன.

இப்போது வட்டத்தில் போட வேண்டிய கேள்வி இதுதான்: ஆராய்ச்சி நிலைய வயலில் நடந்தது வங்காளம் முழுவதும் நடந்தது என்று சொல்ல என்ன வேண்டும்? விளைச்சல் நிஜமாகவே சரிந்திருந்தாலும் கூலிக்காரர் ஏன் முதலில் மடிந்தார் என்பதற்குச் சென்னின் விளக்கம் நிற்குமா, விழுமா? என் கணிப்பில் அந்தப் பகுதி நிற்கும். மொத்த உணவு பெரிதாகக் குறையவில்லை என்ற பகுதிதான் ஆட்டம் காண்கிறது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஒரு நூலை முழுசாக ஏற்பது, முழுசாகத் தள்ளுவது என்ற இரண்டே வழியில் நிற்காமல், எந்தப் பகுதி எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று பிரிக்கத் தெரிவதைத்தான் நான் சிந்தனை மாற்றம் என்பேன். அது முடிந்த பிறகு நூலகரிடம் கொடுத்த தாளை வாங்கி, அதன் கீழேயே புதிய இரண்டு வரியை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மறுப்பு நூலை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். மூல வாதத்தை, அதன் ஆசிரியரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டும்படி சொல்ல வராதவரை மறுப்பைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் "எல்லாரும் ஏதேதோ சொல்கிறார்கள், எதையும் நம்ப முடியாது" என்ற இடத்தில் போய் நிற்பார்கள். படிக்காமலேயே அந்த இடத்துக்கு வந்திருக்கலாம்.

---

அலமாரி வரிசை எழுதியது:

மனதில் நிற்பது, போன், பிரதிகள். இந்த மூன்றுக்கு என் பதில்.

மறதிக்கு மருந்து திரும்பப் படிப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-இல் நின்றார்கள். படித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். 2013-இல் டன்லாஸ்கி குழுவினர் படிக்கும் முறைகள் பத்தைத் தரம் பிரித்தபோதும் கலர் பேனாவால் கோடு போடுவது, திரும்பப் படிப்பது இரண்டையும் அடியில்தான் வைத்தார்கள். தன்னையே கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

செய்யும் முறை எளிது. பதினைந்து, இருபது பக்கம் அல்லது ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். அரைத்தாள் வெள்ளைக் காகிதத்தில் ஐந்து நிமிடம், நினைவில் வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிறப் பேனாவால் சேருங்கள். அதே தாளைப் பார்க்காமல் மறுநாள் ஒரு முறை, கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு முறை எழுத வேண்டும். நடுவில் எட்டிப் பார்ப்பதுதான் பொதுவான தப்பு. தேடித் திணறும் அந்த அரை நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது. இன்னொரு தப்பு, அத்தியாயத் தலைப்புகளை வரிசையாக எழுதி ஒப்பேற்றிவிடுவது. தலைப்பு வேண்டாம், "ஏனென்றால்" வரும் வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். "வங்காளப் பஞ்சம், விலை உயர்வு" என்று எழுதினால் ஒன்றுமில்லை. "மீனவர் முதலில் பாதிக்கப்பட்டார், ஏனென்றால் படகு போயிற்று, அரிசியோ காசு கொடுத்து வாங்க வேண்டியது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்தும் திரும்பிக் கட்டலாம்.

போன் விஷயம். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தோடு, டெல்காடோ குழுவினர் 2018-இல் தொகுத்துப் பார்த்தார்கள். தகவலும் வாதமும் உள்ள எழுத்தைக் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதல். நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் பெருகுகிறது. கதைக்கு வித்தியாசம் தென்படவில்லை. ஆக நாவலைப் போனில் படிப்பவரைத் தடுக்காதீர்கள். வாத நூலில் அந்தந்தக் கூட்டத்துக்கான அத்தியாயத்தை மட்டும் காகிதத்தில் கொடுங்கள். தமிழில் இன்னொரு நடைமுறைச் சிக்கல்: கிடைக்கும் மின்னூல்களில் பெரும்பாலானவை அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே போகும். வரிக்கு வரி விரலால் இழுத்துக்கொண்டு வாதத்தைத் தொடர முடியாது. போன்தான் என்றால் குறுக்காகத் திருப்பி, அறிவிப்புகளை அணைத்துவிட்டு, பக்கத்தில் தாள் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள்.

பிரதி இல்லாததை நான் குறையாகவே நினைக்கவில்லை. பதினைந்து பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒரே பொருளில் மூன்று நூல்களைக் கொடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பிரதி இருந்தால் இரண்டு வாரத்தில் ஐந்து பேர் சுற்றிவிடலாம், அத்தியாயத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் சுலபம். மற்ற இரண்டு நூல் படிக்காதவர்களுக்குத் தன் நூலை விளக்க வேண்டிய கட்டாயம் வரும், அது பெரிய லாபம். நூல் தேட பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். நூலகத்தில் ஒரே பொருள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படிதான் அடுக்கியிருக்கும். ஒரு நூல் கிடைத்ததும் அதன் இடமும் வலமும் ஒரு முழத்துக்கு நின்று புரட்டுங்கள். நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்" என்பதும் ஒன்று. திறந்த அலமாரி அதற்காகத்தான். கிளை நூலகத்தில் இல்லாதவற்றைப் பட்டியலாக எழுதி மாவட்ட மைய நூலகத்தில் கேட்க நூலகரிடம் ஒரு மாதம் முன்பே கொடுங்கள். முந்தைய வாரம் கொடுத்தால் வந்து சேராது.

---

தாழம்பூ எழுதியது:

எல்லோரும் வாத நூலையே பேசுகிறீர்கள். நாவலை ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். அதே சமயம் நாவலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒன்றை நம்ப வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இலக்கியம் படித்தால் பிறர் மனம் புரியும், அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று அடிக்கடி பகிர்கிறார்கள். அதன் மூலம் 2013-இல் கிட், கஸ்டானோ இருவரும் வெளியிட்ட ஆய்வு. சிறு இலக்கியப் பகுதியைப் படித்தவர்கள், கண்களை மட்டும் காட்டும் 36 படங்களைப் பார்த்து அந்த ஆளின் உணர்ச்சியை ஊகிப்பதில் கொஞ்சம் மேலாக வந்தார்கள். 2016-இல் வேறு குழுவினர் கூடுதல் ஆட்களோடு அதையே திருப்பிச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கதை படிப்பவர்களுக்கு அந்தத் திறன் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் படிப்பதால் வந்ததா, அப்படிப்பட்டவர்கள்தான் கதை தேடிப் படிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. ஒரு சிறுகதையைப் படித்து ஒரு மணி நேரத்தில் நல்லவராக யாரும் எழுந்து போவதில்லை.

நாவல் உங்கள் வட்டத்துக்குத் தரக்கூடியது வேறு. யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்று கவனிக்கும் பழக்கம். அதை வளர்க்க ஒரு பயிற்சி போதும். இரண்டு பக்கக் காட்சி ஒன்றை எடுங்கள். அதில் பேசாமல் நிற்கும் ஒருவரை, அதாவது தேநீர் கொண்டுவரும் பெண்ணையோ வாசலில் காத்திருக்கும் பண்ணையாளையோ தேர்ந்தெடுத்து, அதே காட்சியை அவர் சொல்வதாக இருபது வரி எழுதச் சொல்லுங்கள். புதிய சம்பவம் எதையும் சேர்க்கக் கூடாது, மூலத்தில் உள்ள சொல்லும் செயலும் மட்டும்தான். எழுதும்போதே தெரிந்துவிடும், மூல ஆசிரியர் எதைக் காட்டினார், எதை மறைத்தார் என்று. புதிய சம்பவம் சேர்க்க விட்டால் எல்லோரும் தன் கருத்தைப் பாத்திரத்தின் வாயில் திணித்துவிடுவார்கள், பயிற்சி கெட்டுவிடும்.

வரலாற்று நூலைப் படிக்கும்போதும் இதே கண் உதவும். பஞ்ச விசாரணை அறிக்கையில் மீனவர் மனைவி எந்தப் பக்கத்தில் பேசுகிறார் என்று தேடிப் பாருங்கள்.

---

சண்முகநதி எழுதியது:

நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பஞ்சத்தையே முதல் ஆறு மாதப் பொருளாக எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் இரண்டு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? படிக்காமல் வருபவரை என்ன செய்வது? வயதில் பெரியவர்களை முகத்துக்கு நேரே நிறுத்தச் சொல்ல முடியாது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆளை நிறுத்த வேண்டாம், அமர்வின் அமைப்பை மாற்றினால் போதும். நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் இதற்குக் கணக்கே தருகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் வருவது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. அந்த அரைப் பங்கை ஒரே ஆள் எடுத்துப் போவதைத்தான் தடுக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எல்லோரும் புத்தகத்தை மூடி எழுத வேண்டும். அடுத்த அரை மணி, மூன்று நூல்களில் இருந்தும் ஒருவர் வீதம் மும்மூன்று பேராக உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிடம் தன் நூலை விளக்க வேண்டும். கேட்பவர்கள் "ஏன்?", "அது எப்படித் தெரியும்?" என்ற இரண்டு கேள்வி மட்டும் கேட்கலாம். 2002-இல் ரோஸன்பிளிட், கைல் இருவரும் காட்டியபடி, ஜிப், கழிப்பறைத் தொட்டி மாதிரி தினம் கையாளும் பொருளைக்கூடத் தெரியும் என்று நினைப்பவர்கள், படிப்படியாக விளக்கச் சொன்னதும் தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறார்கள். நன்றாகப் பேசுபவருக்கும் இதே வைத்தியம்தான், யாரும் அவரை அடக்க வேண்டியதில்லை. பிறகு ஐம்பது நிமிடம் பொது விவாதம். ஏற்கெனவே பேசியவர் மறுபடி பேச வேண்டுமானால், முன்னால் பேசியவர் சொன்னதைத் தன் வாயால் ஒரு வாக்கியத்தில் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே தொடங்க வேண்டும். இந்த விதியை முதல் நாளே வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால், பிற்பாடு ஒருவரைக் குறிவைத்ததாக ஆகாது. மிச்ச அரை மணியில் பாதியைத் தாளில் திருத்தி எழுதவும், பாதியை அடுத்த பகுதியைச் சத்தமாகப் படிக்கவும் வையுங்கள். வீட்டில் புத்தகத்தைத் தொடாதவர்கூட நான்கு பக்கமாவது படித்த கணக்கில் போவார்.

படிக்காமல் வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். மூவர் குழுவில் கேள்வி கேட்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள். நூல் தெரியாதவர் கேட்கும் "அது எப்படித் தெரியும்?" பல நேரம் படித்தவர் கேட்பதைவிடக் கூர்மையாக விழும். மூன்றாம் முறையும் படிக்காமல் வந்தால், அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள்.

---

அலமாரி வரிசை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. தேதி போட்ட அந்த முதல் தாள்களை வைக்க ஒரு தடித்த உறை, மேலே பொருளும் ஆண்டும் எழுதி, நூலகர் மேசையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் பாதி திரும்பாது. ஆறு மாத முடிவில் எத்தனை பேர் தன் வரியை மாற்றினார்கள், எந்த ஆதாரத்துக்காக மாற்றினார்கள் என்று பெயர் போடாமல் இங்கே எழுதுங்கள். அடுத்த பொருளுக்கு நூல் தேர்வு செய்ய அது எங்களுக்கும் உதவும்.